20 மாதக் குழந்தையின் வளர்ச்சி குறித்து: பெங்களூருவில் யாரிடம் காட்டலாம்?

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அல்சூரில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு 20 மாதம் ஆகிறது. அவனுக்கு ஆட்டிசம் (பிறருடன் பழகுவதிலும் பேச்சிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலை) இருக்குமோ என்று ஐயமாக இருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் ஓசைக்கு ஓடி வந்துவிடுகிறான் (இருந்தாலும் செவித்திறன் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம்). தண்ணீர் வேண்டுமானால் விரலால் சுட்டிக்காட்டாமல், என் முகத்தையும் பாராமல், மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று என் கையைச் சொம்பின் மேல் வைக்கிறான். பொம்மைக் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தை மட்டும் நெடுநேரம் சுழற்றுகிறான். முன்பு சொல்லிவந்த 'தாத்தா', 'டாட்டா' இரண்டும் நின்றுவிட்டதுதான் எனக்குப் பெருங்கவலை.

ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் கேட்டுக் குழம்புகிறான் என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். பல மொழிகளைக் கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. வந்த சொற்கள் மறையும்போது காத்திருப்பதும் சரியல்ல என்றே கருதுகிறேன்.

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் (M-CHAT) என்னும், ஆட்டிச அறிகுறிகளை அறிய உதவும் வினாப்பட்டியலைக் கொண்டு, மேற்பரிசோதனை தேவையா என்று தமிழிலேயே விளக்கக்கூடிய குழந்தை மருத்துவர் யாரையேனும் அறிவீர்களா? நிம்ஹான்ஸ் (பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவமனை) குழந்தைகள் மனநலப் பிரிவுக்குச் சென்றவர்கள், முதல் முறை பதிவு செய்யும் முறையையும் எடுத்துச் செல்ல வேண்டியவற்றையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். தமிழ் பேசும் பேச்சுப் பயிற்சியாளர் இந்திராநகர், அல்சூர் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.