தேனீப் பெட்டிக்குப் புரோபயாடிக் தூள் கொடுக்கலாமா?

கேள்வி: போன மாதம் அடையில் புழுக்கள் மஞ்சளாகி, புளித்த நாற்றத்தோடு செத்துக் கிடந்தன. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த சர்க்கரைப் பாகு வைத்தேன். நாற்றம் போய்விட்டது, ஆனால் இப்போது தினமும் காலையில் பெட்டி வாசலில் வேலைக்காரத் தேனீக்கள் செத்துக் கிடக்கின்றன, பார்க்கவே மனசு கேட்கவில்லை. நல்ல பாக்டீரியா கலந்த புரோபயாடிக் தூள் வாங்கிப் போடட்டுமா?

பதில் 1: அண்ணே, மருந்தே காரணமாக இருக்கலாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி மோரன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், இதே டெட்ராசைக்ளின் கொடுத்த தேனீக்களின் குடல் பாக்டீரியா வெகுவாகக் குறைந்தது. மருந்து கொடுக்காதவற்றைவிட அவை அதிகம் செத்தன, செராஷியா என்ற நோய்க்கிருமியையும் தாங்கவில்லை.

பதில் 2: தூள் வேண்டாம். அடையின் அறையிலிருந்து புதிதாக வெளிவரும் தேனீயின் குடலில் பாக்டீரியா அனேகமாக இருக்காது, கூட்டில் மூத்த தேனீக்களோடு பழகித்தான் சில நாட்களில் அதைப் பெறுகிறது. நானாக இருந்தால் நோயில்லாத பெட்டியிலிருந்து, பொரியப்போகும் அடைச்சட்டம் ஒன்றை அதன் மேல் உள்ள தேனீக்களோடு சேர்த்து வைப்பேன்.

பதில் 3: மனிதர்களிடமும் இப்படித்தான். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் பார்த்தது: ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு, எதுவும் எடுக்காதவர்களைவிட, சொந்தக் குடல் கிருமிகள் திரும்ப அதிக காலம் பிடித்தது. முன்பே சேகரித்து வைத்த தங்கள் மலத்திலிருந்தே கிருமிகளைத் திரும்பப் பெற்றவர்கள் சில நாட்களில் மீண்டார்கள்.

கேட்டவர்: சரி தம்பி, நாளைக்கே பக்கத்துத் தோப்பில் அடைச்சட்டம் கேட்கிறேன்.