தலைக்கு மேல் கை போகாத 14 மாதம்

என் இடது தோள் பிரச்சினை முதல்ல வலியாவே வரலை. ஒருநாள் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய்க் கொக்கி மாட்டப் போனேன், பாதியிலேயே நின்னுடுச்சு. சுளுக்குன்னு நினைச்சு விட்டுட்டேன். மூணு வாரத்துல ராத்திரிக் குடைச்சல் ஆரம்பிச்சது. இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா பத்து நிமிஷம் தாங்காது. எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லை. இவ்வளவு வலிக்குதே, படம் மட்டும் எப்படிச் சுத்தமா இருக்குன்னு ரொம்பக் குழம்பினேன்.

டாக்டர் என் முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சு, முன்கையை வெளிப்பக்கமாத் திருப்பச் சொன்னார். நகரலை. அவரே திருப்பிப் பார்த்தார், அப்பவும் நகரலை. ஃப்ரோசன் ஷோல்டர்னு சொன்னார். தசைநார் கிழிஞ்சவங்களால தானாத் தூக்க முடியாட்டியும், இன்னொருத்தர் தூக்கிவிட்டா பெரும்பாலும் கை மேல போயிடும். இதுல மூட்டைச் சுத்தின உறையே தடிச்சு இறுகிடுது, யார் இழுத்தாலும் வராது. அடுத்து அவர் கேட்டது: "சுகர் இருக்கா?" எனக்கு 8 வருஷமா இருக்கு. சுகர் உள்ளவங்களுக்கு இது கூடுதலா வரும்னு அதுவரைக்கும் யாருமே எனக்குச் சொன்னதில்லை. காரணம் தெரியாம தோள் இறுகினா சர்க்கரையையும் பாருங்க, தயவுசெஞ்சு.

நான் செஞ்ச தப்பு ஒண்ணு. வலி உச்சத்துல இருக்கும்போது பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கையை மேல தள்ளினா இறுக்கம் விட்டுடும்னு நம்பினேன். தெரிஞ்சவர் ஒருத்தர் வேற பிடிச்சு முறுக்கித் தூக்கிவிட்டார். அப்புறம் நாலு ராத்திரி தூக்கமே இல்லை. பிசியோகிட்ட அழுதேன். "உள்ள புண்ணா இருக்குன்னு வெச்சுக்கோங்கம்மா, இப்ப அதைக் கிளறக் கூடாது"ன்னாங்க. முதல் கட்டம் வலி, அடுத்தது இறுக்கம், அப்புறம்தான் மெல்ல இளகும். எந்தக் கட்டத்துல இருக்கோம்னு தெரியாமப் பயிற்சி செய்யவே கூடாதுங்கறதை அன்னிக்குத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

அப்ப கொடுத்தது ஊசல் பயிற்சி மட்டும்தான். நல்ல கையை மேஜையில ஊன்றிக் குனிஞ்சு, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, உடம்பை லேசா அசைக்கணும்; கை தானா ஆடும். ரெண்டு நிமிஷம், நாளைக்கு நாலஞ்சு தடவை. மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசியும் போட்டாங்க. சில நாள் சர்க்கரை ஏறுச்சு, முன்கூட்டியே சொல்லியிருந்ததால பார்த்துக்கிட்டேன். குடைச்சல் அடங்கின பிறகுதான் சுவர்ல விரலால ஏறுற பயிற்சி, துண்டைப் பின்னால பிடிச்சு இழுக்கறது எல்லாம். செய்யறதுக்கு முன்னாடி சுடு ஒத்தடம். சுவர்ல பென்சிலால தேதி போட்டுக் கோடு கிழிச்சு வெச்சேன். ஒரு மாசம் முழுக்க ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு விரக்கடைகூட இல்லை. அந்த மாசம்தான் ரொம்பக் கஷ்டம்.

*

அக்கா, எனக்கு வந்தது வேற. கை மேல போகும், ஆனா பக்கவாட்டுல தூக்கும்போது நடுவுல சுரீர்னு இழுக்கும். தோளைச் சுத்தியிருக்கிற நாலு தசைகள்ல மேல இருக்கிறதோட நாண் பாதிச்சிருக்குன்னாங்க. எனக்கு நீட்டற பயிற்சியை விட வலுவாக்கற பயிற்சிதான் முக்கியம். முதல்ல கையை நகர்த்தாமலே சுவரை அழுத்தறது, அப்புறம் ரப்பர் பட்டை. கண்ணாடி முன்னாடி நின்னு செய்யச் சொன்னாங்க. நமக்கே தெரியாம தோளைக் காதுகிட்டத் தூக்கித்தான் கையை உயர்த்துவோம். அதைத் திருத்தவே மூணு வாரம் ஆச்சு. மூணு மாசத்துல வலி போயிடுச்சு. ஒருத்தருக்குக் கொடுத்த பயிற்சியை இன்னொருத்தர் பார்த்துச் செய்யாதீங்க.

*

என் அம்மாவுக்கு 58 வயசு, அவங்களுக்கும் இதே தோள் இறுக்கம்தான். ராத்திரி வலி குறைஞ்சிருக்கு, ஆனா கை முன்னைவிட இறுகியிருக்கு. மோசமாகுதோன்னு பயப்படறாங்க.

*

எனக்கும் அப்படித்தான் இருந்துச்சும்மா. ரெண்டாவது கட்டமா இருக்கலாம், பிசியோகிட்டக் காட்டி உறுதி பண்ணிக்கோங்க. இழுத்துப் பயிற்சி செய்ய எனக்கு அனுமதி கிடைச்சதே அப்பதான். படுக்கும்போது முழங்கைக்கு அடியில சின்னத் தலையணை வெச்சுக்கச் சொல்லுங்க. இப்ப 14 மாசம் முடிஞ்சிருக்கு. கொக்கி நானே மாட்டிக்கறேன். முதுகுல இடது கட்டைவிரல் வலது விரல் தொடுற இடத்துக்கு ரெண்டு விரக்கடை கீழ நிக்குது.