மறு: வணிகச் செயன்முறைகளுக்கு 'முகவர்சார் மாதிரியாக்கம்' – மாற்றுச் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு வணிகச் செயன்முறையில் பங்கெடுக்கும் ஒவ்வொருவரின் முடிவையும் கணினியில் தனித்தனியே போலச் செய்து பார்க்கும் முறையை ஆங்கிலத்தில் agent-based modelling என்பர். அதிலுள்ள agent என்பதற்கு இக்குழுவில் வந்த 'முகவர்' என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. திருகோணமலையில் முகவர் என்றால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர், காப்புறுதிக்கு ஆள் சேர்ப்பவர் என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். முகவர் இன்னொருவர் சார்பில் செயற்படுபவர். இந்த மாதிரியாக்கத்தில் வருவதோ தன் நோக்கம், தன் கண்ணுக்கு எட்டிய தகவல், சில விதிகள் ஆகியவற்றைக் கொண்டு தானே முடிவெடுப்பது. பொருளுக்கு நேர்மாறான சொல்லை மாணவர் தலையில் கட்டக் கூடாது.

சீனன்குடாப் பக்கம் உள்ள எங்கள் மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலநாட் படகு வருகிறது. மீனை இறக்கி, நிறுத்து, விலை பேசி, ஐஸ் போட்டு லொறியில் ஏற்றுகிறார்கள். பெட்டியும் அம்புக்குறியுமாக வரைந்து, பெட்டிக்கொரு சராசரி நேரம் எழுதினால் படம் அழகாக இருக்கும். ஆனால் அடுத்த படகில் சூரை நிறைய வருகிறது என்று கேள்விப்பட்ட வியாபாரி வாங்காமல் காத்திருப்பார். அவரைப் பார்த்து இன்னும் இருவர் பின்வாங்குவர். விடியுமுன் கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மீன் சந்தையைப் பிடிக்க வேண்டிய லொறிக்காரர், பாதிச் சுமையோடு புறப்படலாமா என்று கணக்குப் போடுவார். மீன் தேங்கும், ஐஸ் கரையும், விலை விழும். இந்தத் தேக்கம் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே கணினியில் நடமாட விட்டால்தான் அது தெரியவரும். அமெரிக்கப் பொருளியலாளர் தோமஸ் ஷெல்லிங் 1971இல் காட்டியதும் இதைத்தான்: அயலில் தம்மவர் ஓரளவு இருந்தாலே போதும் என்று நினைக்கும் குடும்பங்கள்கூட, இடம் மாறி மாறி, எவரும் விரும்பாமலே ஊரை இரண்டாகப் பிரித்துவிடுகின்றன.

ஆகவே, செயலைச் செய்பவரைக் குறிக்கும் 'வினைமுதல்' என்ற இலக்கணச் சொல்லை முன்வைக்கிறேன். மூன்றாம் வேற்றுமையைச் சொல்லும் இடத்தில் தொல்காப்பியம் வினைமுதலையும் கருவியையும் தனித்தனியே நிறுத்துகிறது. நமக்கு வேண்டியதும் அதே பிரிவுதான். வியாபாரி வினைமுதல், தராசு கருவி. நிறுவனத்தையோ லொறியையோ முடிவெடுக்கும் அலகாக வைத்தாலும் இச்சொல் பொருந்தும். 'வினைஞர்' மனிதரோடு நின்றுவிடும். 'செயலி' ஏற்கெனவே கைபேசிக்குப் போய்விட்டது. இலக்கணச் சொல் குழப்பாதா என்று கேட்பீர்கள். பாடசாலையில் பெரும்பாலும் எழுவாய்தான் புழங்குகிறது. வினைமுதலுக்குப் புதுவேலை கொடுப்பதில் தவறில்லை.

'சார்', 'அடிப்படையிலான' என்ற ஒட்டுகளும் வேண்டாம். 'வினைமுதல்வழி மாதிரியாக்கம்' போதும்.

கணினியில் போலச் செய்து பார்ப்பதற்குப் 'பாவனை' என்று எழுதினால் அது இலங்கையில் எடுபடாது. இங்கே பாவனை என்றால் பயன்பாடு. பாவனையாளர் என்றால் நுகர்வோர். 'ஒப்புருவாக்கம்' இலங்கை, தமிழகம் என இரு கரையிலும் விளங்கும்.

இன்னும் ஒரு சொல் வேண்டும். தனித்தனி முடிவுகள் கூடி, எவரும் திட்டமிடாத ஒன்று எழுகிறதே, அதற்கு என்ன பெயர்? 'தோற்றப்பாடு' எங்கள் பாடநூல்களில் வேறு பொருளில் (phenomenon) நிலைத்துவிட்டது. இப்போதைக்குத் 'திரள்விளைவு' என்று எழுதுகிறேன். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "வினைமுதல்வழி ஒப்புருவாக்கத்தில் ஐஸ் தட்டுப்பாடு ஒரு திரள்விளைவாக வெளிப்பட்டது." எனக்கு இடறவில்லை. இடறுகிறவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து