நீச்சல் குளத்தில் உங்களுக்கு நடந்தது என்ன? (பெங்களூரு ஆட்கள் மட்டும்)

அல்சூர் ஆறு மணி பேட்ச்:
டோக்கன், கேப், ஷவர் என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். ஷவர் பக்கம் மட்டும் யாரும் போவதில்லை. போன மாதம் ஃப்ரீஸ்டைல் அடித்துக்கொண்டே மூச்சுக்கு முகத்தைத் திருப்பினேன். உதட்டோரம் ஏதோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் பிளாஸ்திரி, நடுவில் பஞ்சு மஞ்சளாக ஊறியிருந்தது. ஆழமில்லாத பக்கம் ஒரு மாமா குனிந்து தன் முழங்காலைத் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தார். நீட்டினேன். "தேங்க்ஸ்பா" என்று வாங்கி மறுபடியும் ஒட்டப் பார்த்தார்! கோச்சிடம் சொன்னால், "குளோரின் இருக்கு சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். அன்றிலிருந்து மூச்சுக்குத் திரும்பினால் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

ஃப்ரேசர் டவுன் பதினோரு வருஷம்:
கோச் சொன்னது சரிதானே? எங்கள் குளத்தில் வாசலிலேயே குளோரின் நெடி மூக்கைத் துளைக்கும். அவ்வளவு போட்டால் எந்தக் கிருமி பிழைக்கும்? கண் ஒரு மணி நேரம் எரியும், அவ்வளவுதான். பிளாஸ்திரிக்கெல்லாம் பயந்தால் வீட்டு பக்கெட்டில்தான் நீந்த வேண்டும்.

ஸ்ரீராம்புரம் அம்மா:
எனக்குக் கிருமி பற்றித் தெரியாது. ஏப்ரல் கேம்ப், முப்பது பிள்ளைகள், ஒரே கோச். தரை சரிந்து ஆழமாகிற இடத்தில் ஒரு சிறுமி நிமிர்ந்து நின்றாள். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில். முடி கண்ணில் விழுந்திருந்தது, அதை ஒதுக்கவே இல்லை. கத்தவில்லை, கை ஆட்டவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். என் பையன்தான், "அம்மா, அவ ஏன் பேச மாட்டேங்குறா?" என்றான். கோச் யாரோ கட்டிய பணம் வந்ததா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடிதாரோடு குதித்தேன். எனக்கு நெஞ்சளவுத் தண்ணீர். தூக்கியதும் இருமினாள், அப்புறம் அழுதாள். பிழைத்துவிட்டாள், சரி. எத்தனை நொடி சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் இன்னும் தூங்கவிடவில்லை.

மர்பி டவுன், குடியிருப்பு கமிட்டி:
அக்கா, உங்கள் பதிவைப் படித்துக் கை நடுங்கியது. மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் அப்படிச் சத்தமில்லாமல்தான் போகிறார்கள்.

ஃப்ரேசர் டவுன் சார், நீங்கள் சொன்னது நேர்தலைகீழ். மூக்கைத் துளைப்பது குளோரின் இல்லை, குளோராமின். வேர்வை, சிறுநீர், எண்ணெய் எல்லாவற்றோடும் குளோரின் சேரும்போது உண்டாவது. கண் எரிவதும் அதனால்தான். சுத்தமான குளத்தில் நெடி லேசாகத்தான் இருக்கும். குளிக்காமல் இறங்கும் ஒவ்வொருவரும் கொஞ்சம் குளோரினைத் தின்றுவிடுகிறார்கள்.

என் கதை சின்னது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம், நீச்சல் குளத்துக்குக் குடிநீர் கூடாது, மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் சொன்னது. மூடினோம், திறக்கும்போது தண்ணீர் பச்சை. ராத்திரி ஒருவர் குளோரின் பவுடரை வாளியோடு கவிழ்த்தார். காலையில் என் மகளின் நீல நீச்சலுடை திட்டுத் திட்டாக வெளுத்தது.

அதற்கப்புறம் சோதனைக் கிட் வாங்கினேன். இரண்டு குழாய், இரண்டு சொட்டு மருந்து. குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் அத்தனை பங்கு), பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 7.2 முதல் 7.8. பிஹெச் 8ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் பெரும்பகுதி வீண். கிட் இல்லையா, ஆழப்பக்கம் அடியில் தண்ணீர் வெளியேறும் வழியை மூடியிருக்கும் கம்பி ஜாலியைப் பாருங்கள். கம்பி தெளிவாகத் தெரியாவிட்டால் இறங்காதீர்கள், மூழ்கினவனும் தெரியமாட்டான். அந்த ஜாலி மேல் பிள்ளைகளை உட்கார விடாதீர்கள், உறிஞ்சும், நீள முடி மாட்டும். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இரண்டு வாரம் குளத்தில் இறங்காதீர்கள். கிரிப்டோ என்கிற கிருமி சரியான குளோரினிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். அப்புறம் கேப் விஷயம்...

அல்சூர் ஆறு மணி பேட்ச்:
அண்ணா, கேப் விஷயம் இருக்கட்டும், நான் அனுபவம்தான் கேட்டேன்! ஆனாலும் இன்று ஆழப்பக்கம் போய்ப் பார்த்தேன். ஜாலி இருப்பது தெரிந்தது, கம்பியை எண்ண முடியவில்லை. மாமாவும் வந்திருந்தார். இந்த முறை முழங்காலில் பாலித்தீன் கவர், மேலே ரப்பர் பேண்ட்.