கலாச்சாரத்தால கிரகம் பிடிக்கிறதா, படையால பிடிக்கிறதா? (கேல்சிவ் 2, சின்ஸ், ஸ்டெல்லாரிஸ்)

அடையாறு_ஆந்தை:
எல்லாருக்கும் வணக்கம். ஆடுறது கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2 (கேல்சிவ் 2)ங்கிற விண்வெளி உத்தி கேம், ட்விலைட் ஆஃப் தி ஆர்னர் விரிவாக்கத்தோட. மீடியம் மேப், ஆல்டேரியன் இனம். எதிரி இனங்கள்: மேற்கே டோரியன், கிழக்கே ட்ரெங்கின். டோரியன் எல்லையில மூணு கிரகம் மேப்ல என் இன்ஃப்ளுயன்ஸ் (கலாச்சாரச் செல்வாக்கு) நிறத்துக்குள்ள வந்தாச்சு, ஆனா ஒண்ணுகூட என் பக்கம் சாயல. ராணுவ வரிசையில நான்தான் கடைசி. இருக்கிற காசை இன்ஃப்ளுயன்ஸ் பரப்புற ஸ்டார்பேஸ்ல (விண்வெளி நிலையம்) போடவா, ட்ரான்ஸ்போர்ட் (வீரர்களை ஏத்திப் போற கப்பல்) கட்டி இறங்கவா?

இன்னொண்ணு. சனிக்கிழமை திருவான்மியூர்ல நாலு பேர் லேப்டாப்போட உக்காருறோம். அங்க கலாச்சார வழி எந்த கேம்ல எடுபடும்?

பரங்கிமலை_ஃப்ளீட்:
மேப்ல நிறம் மாறுறது அந்த இடத்துல யார் கை ஓங்கியிருக்குன்னு மட்டும்தான் காட்டும். கிரகம் கைமாறணும்னா உங்க இன்ஃப்ளுயன்ஸ் அவங்களோடதைவிடப் பல மடங்கு ஏறணும். கொஞ்சம் கூடுதலா இருந்தா நிறம் மாறி அப்படியே நின்னுடும். உங்க மூணு கிரகமும் இப்ப அந்த நிலையிலதான் இருக்கு.

ஸ்டார்பேஸ் கட்டுறதுல பலரும் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. மூணு கிரகத்துக்கு மூணு ஸ்டார்பேஸ்னு பரப்பி வெச்சு, எதுலயும் மாட்யூல் (கூடுதல் பாகம்) ஏத்தாம விட்டுடுவாங்க. இந்த கேம்ல ஸ்டார்பேஸ் நடவே ஒரு கன்ஸ்ட்ரக்டர் (கட்டுமானக் கப்பல்) போயிடும், அதுக்கப்புறம் ஒவ்வொரு மாட்யூலுக்கும் இன்னொரு கன்ஸ்ட்ரக்டர். நாலு இன்ஃப்ளுயன்ஸ் மாட்யூல் வேணும்னா மொத்தம் அஞ்சு கப்பல். அதனால மூணுல பலவீனமான கிரகத்தைத் தேர்ந்தெடுங்க. மக்கள்தொகை கம்மியா, டோரியன் தாய்க்கிரகத்துல இருந்து தள்ளி இருக்கிறது. அஞ்சு கன்ஸ்ட்ரக்டரையும் அது பக்கத்துலயே இறக்குங்க. அது விழுந்துட்டா அதோட இன்ஃப்ளுயன்ஸும் உங்க கணக்குல சேரும், அடுத்ததைத் தள்ளுறது சுலபம்.

கூடவே எல்லை கிரகங்கள்ல எம்பஸி மாதிரி இன்ஃப்ளுயன்ஸ் தர்ற கட்டடம் ஒண்ணாவது போடுங்க. மக்கள்தொகை ஏறினா இன்ஃப்ளுயன்ஸும் ஏறும், அதனால வரியைக் கொஞ்சம் இறக்கி மக்களோட மனநிலையைத் தூக்கி வைக்கிறது இந்த வழிக்கு நேரடி முதலீடு. பரப்பு கூடக்கூட சுற்றுலா வருமானமும் வரும், வரி குறைஞ்சதுல ஒரு பகுதியை அது ஈடுகட்டும்.

ஆனா ராணுவ வரிசையில கடைசின்னு சொன்னீங்களே, அதை முதல்ல சரிபண்ணுங்க. ஏஐ (கம்ப்யூட்டர் ஆடுற எதிரி) உங்க ராணுவ மதிப்பைப் பார்த்துத்தான் போர் அறிவிக்கும். ட்ரெங்கின் பக்கத்துல பலமில்லாம உக்காந்திருக்கிறது ஆபத்து. போர் வந்தா முதல்ல சாகுறது ஆயுதம் இல்லாத இன்ஃப்ளுயன்ஸ் ஸ்டார்பேஸ். அஞ்சு கப்பல் உழைப்பு ஒரே தாக்குதல்ல போயிடும்.

தரமணி_டர்ன்:
ஃப்ளீட் சொன்னதுல பாதிக்கு உடன்படுறேன். எல்லை கிரகத்தை ஒண்ணொண்ணா கரைக்கிறது ரொம்ப மெதுவான வேலை, அதுக்குள்ள ட்ரெங்கினே டோரியனை முடிச்சிடும். இந்த கேம்ல தோத்துக்கிட்டிருக்கிற ஏஐ, மிச்ச கிரகம் அத்தனையையும் வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சு சரணடையும். நீங்க பொறுமையா கரைச்சுக்கிட்டிருக்கிற கிரகம் ஒரே டர்ன்ல ட்ரெங்கின் கைக்குப் போகலாம்.

என் கருத்து இதுதான்: படையை அனுப்புங்க, ஆனா இலக்கை இன்ஃப்ளுயன்ஸ் பார்த்துத் தேர்ந்தெடுங்க. டோரியன் பரப்புல பெரும்பங்கைத் தாங்கி நிக்கிறது அதோட தாய்க்கிரகம். அந்த ஒண்ணைப் பிடிச்சா, சுத்தி இருக்கிற சின்னக் குடியேற்றங்கள் உங்க இன்ஃப்ளுயன்ஸுக்கு நடுவுல தனியா மாட்டிக்கும். அதுங்களுக்கு ட்ரான்ஸ்போர்ட் செலவு பண்ண வேண்டியதில்லை. தலைகீழா, எல்லையில ஒரு சின்ன கிரகத்தை மட்டும் பிடிச்சீங்கன்னா அது டோரியன் இன்ஃப்ளுயன்ஸுக்குள்ளயே இருக்கும், கொஞ்ச நாள்ல புரட்சி பண்ணி அவங்ககிட்டயே திரும்பிடும். படையெடுத்துப் பிடிச்சும் நிலைக்கலையேன்னு வர்ற புலம்பல்ல பெரும்பாலானதுக்கு இதுதான் காரணம்.

இறங்குற முறை: சுற்றுப்பாதையில காவல் கப்பல் ஒண்ணுகூட இருக்கக் கூடாது, இருந்தா இறங்க முடியாது. அதனால போர்க்கப்பல் முன்னால, ட்ரான்ஸ்போர்ட் ஒரு கட்டம் பின்னால. காவலை அழிச்ச அதே டர்ன்லயே இறக்கிடணும், ஒரு டர்ன் விட்டா புதுக் கப்பல் வந்து நிக்கும். ட்ரான்ஸ்போர்ட்ல போற வீரர்கள் உங்க மக்கள்தொகையில இருந்துதான் கழியுறாங்க, அதாவது உங்க வரியும் இன்ஃப்ளுயன்ஸும் சேர்ந்தே குறையுது. எல்லை கிரகத்துல ஆள் எடுக்காதீங்க, உள்நாட்டுல எடுங்க. படையெடுப்பு உத்தி கேட்கும்போது மாஸ் டிரைவரைத் தொடாதீங்க, கிரகத்தோட தரமே இறங்கிடும். தாய்க்கிரகத்தை நொறுக்கிப் பிடிச்சு என்ன பயன்? இன்ஃபர்மேஷன் வார்ஃபேர் காசு கேட்கும், ஆனா எதிரிப் படையில ஒரு பகுதியை உங்க பக்கம் திருப்பும், கிரகம் முழுசா கிடைக்கும்.

மயிலை_மூத்தவர்:
தம்பி, சனிக்கிழமை ஆட்டத்துக்கு வர்றேன். கேல்சிவ் 2-ல மல்டிபிளேயரே கிடையாது, அதனால அது பட்டியல்லயே வராது.

நாலு பேர் கூடி கலாச்சாரத்தை உண்மையிலேயே ஆயுதமா வீசணும்னா சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்: ரெபெல்லியன் (2012). அதுல கலாச்சாரம் ஃபேஸ் லேன் (கிரகங்களை இணைக்கிற பாதை) வழியா ஒரு கிரகத்துல இருந்து அடுத்ததுக்கு நகரும். அதைப் பரப்புற கட்டடம் மூணு தரப்புக்கும் வேற வேற: டிஇசிக்கு பிராட்காஸ்ட் சென்டர், அட்வென்ட்டுக்கு டெம்பிள் ஆஃப் கம்யூனியன், வசாரிக்கு மீடியா ஹப். தலைநகர்ல இருந்து தூரம் கூடக்கூட கிரகத்தோட விசுவாசம் குறையும். அதனால எதிரியோட கடைக்கோடி கிரகம்தான் முதல்ல ஆட்டம் காணும், அங்க போற லேனை மனசுல வெச்சு கட்டுங்க.

புதுசா ஆடுறவங்க தடுமாறுறது இங்கதான்: சீஜ் கப்பலை வெச்சு எதிரி கிரகத்தைக் குண்டுபோட்டுக் காலி பண்ணிடுவாங்க, ஆனா குடியேற்றக் கப்பல் வந்தா குடியேற முடியாது. எதிரி கலாச்சாரம் பரவியிருக்கிற கிரகத்துல நீங்க குடியேற முடியாதுங்கிறது விதி. படை கிளம்புறதுக்கு முன்னாடியே உங்க கலாச்சாரம் அந்த லேன்ல போய்ச் சேர்ந்திருக்கணும். இந்தக் கட்டடங்கள் கிரகத்தோட லாஜிஸ்டிக்ஸ் இடத்தை (கட்டடங்களுக்கான இட ஒதுக்கீடு) பிடிக்கும், கப்பல் தளத்துக்கு வெச்சிருந்த இடம் போகும். நாலு பேர்ல ஒருத்தர் அட்வென்ட் எடுக்கட்டும். அவங்களோட டெலிவரன்ஸ் எஞ்சின்ங்கிற பெரிய ஆயுதம் தூரத்துல இருந்தே கலாச்சாரத்தைப் பாய்ச்சும்.

ஸ்டெல்லாரிஸ்ல பேர் ஒண்ணா இருந்தாலும் வேலை வேற. அங்க இன்ஃப்ளுயன்ஸ் செலவழிக்கிற வளம், சேமிப்பு 1,000-க்கு மேல ஏறாது. எதிரி மண்டலத்து மேல உரிமை கோரவும் அதுதான் செலவாகும், ஆக அங்க இன்ஃப்ளுயன்ஸ் போருக்கே எரிபொருள். எல்லை தானா தள்ளிக்கிட்டுப் போற முறை 2018 பிப்ரவரியில வந்த 2.0 பதிப்போட போயிடுச்சு. இணையத்துல இன்னும் பழைய வழிகாட்டிகள் கிடக்கு, நம்பாதீங்க. உரிமை கோராம பிடிச்ச மண்டலம், போர் இழுபறியில முடிஞ்சா கைக்கு வராது. போர்க்களைப்பு 100 சதவீதம் தொட்டு 24 மாசம் ஆனா, எதிரி உங்களை அந்த இழுபறி சமாதானத்துக்கே கட்டாயப்படுத்தலாம்.

செல்வாக்கு இல்லாம படையால மட்டும் பிடிச்சது நிலைக்காதுன்னு தரமணி சொன்னதுக்கு நம்ம ஊர்லயே சான்று உண்டு. பல்லவ எழுத்து கடல் தாண்டிப் போய் கெமர், மோன், பழைய ஜாவா எழுத்துகளுக்கு வேராச்சு. ராஜேந்திரனோட 1025 கடாரப் படையெடுப்பு பெரிய வெற்றிதான், ஆனா அங்க நிலையான சோழ ஆட்சி ஒண்ணும் உருவாகல.

அடையாறு_ஆந்தை:
அருமை, ரொம்ப நன்றி. ஒரே சந்தேகம். தாய்க்கிரகம்தான் இலக்குன்னா, கன்ஸ்ட்ரக்டர் அஞ்சும் எங்க போகணும்?

தரமணி_டர்ன்:
தாய்க்கிரகத்துக்கும் உங்க எல்லைக்கும் நடுவுல, போர் அறிவிக்கிறதுக்கு முன்னாடியே. சமாதானத்துல இருக்கும்போது நட்டுடுங்க, போர் தொடங்கின பிறகு கன்ஸ்ட்ரக்டர் வழியிலயே செத்துடும். பாதுகாப்பு மாட்யூல் ஒண்ணாவது ஏத்துங்க, அதுக்குத் தனியா ஆறாவது கப்பல் கணக்குல வைங்க. ட்ரெங்கின் பக்கம் ரெண்டு காவல் ஃப்ளீட் நிக்கட்டும், அதை மேற்கே இழுக்காதீங்க.

பரங்கிமலை_ஃப்ளீட்:
இதுக்கு நானும் சரிங்கிறேன். கேம் தொடங்கும்போது இன்ஃப்ளுயன்ஸ் வெற்றியை நீக்கி வெச்சிருந்தீங்களான்னும் பாருங்க. நீக்கியிருந்தா எவ்வளவு பரப்பு பிடிச்சாலும் அந்த வழியில ஆட்டம் முடியாது.