மூன்று தளம், மூன்று விதமான வரி: ஐடிஆர் போட எந்த இலவசத் தளத்தை நம்புவது?

நொய்யல்கரை:

வணக்கம் மக்களே. 2025 ஆகஸ்ட் பிறந்துவிட்டது, இன்னும் ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) போடவில்லை. கடைசித் தேதியை ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிவிட்டார்கள் என்றதும் நானும் கூடவே தள்ளிப் போட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததிலிருந்து தலைவலி.

விஷயம் இதுதான். 2024 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஒரு கம்பெனி, மாதம் 60 ஆயிரம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வேறு கம்பெனி, மாதம் 80 ஆயிரம். இரண்டு பேரும் ஒரு ரூபாய் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) பிடிக்கவில்லை, ஃபார்ம் 16 என்ற சம்பளச் சான்று மட்டும் கொடுத்தார்கள். அம்மா அப்பாவோடு சொந்த வீட்டில் இருக்கிறேன், வாடகை கிடையாது, பிஎஃப் தவிர சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை, அதனால் கழிவுகள் அதிகம் இல்லாத புதிய வரி முறைதான். ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் போனதே இல்லை.

முதலில் யூடியூப் விளம்பரத்தில் வந்த ஒரு தளம். இரண்டு ஃபார்ம் 16 பிடிஎஃப்பையும் ஏற்றினேன், ‘உங்கள் வரி ரூ.0, வாழ்த்துகள்’ என்று பூ தூவியது. சந்தோஷமாக அடுத்த பட்டனை அழுத்தினால், இரண்டு முதலாளிகள் இருந்தால் இலவசத் திட்டம் கிடையாதாம், 999 ரூபாய் கட்டு என்கிறது. அதை மூடிவிட்டு இன்னொரு தளத்துக்குப் போனேன். அங்கே சம்பளத்தை நானே கூட்டி எழுதினேன். அது ரூ.27,560 கட்டச் சொல்கிறது, ஆனால் தாக்கல் இலவசம். சரி, அரசாங்கத்தின் தளத்திலேயே பார்த்துவிடுவோம் என்று அங்கே போனால் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்!

பூஜ்ஜியத்துக்கும் முப்பத்திரண்டாயிரத்துக்கும் நடுவில் நிற்கிறேன். இதில் எதை நம்புவது? பூஜ்ஜியம் காட்டும் தளத்துக்கு 999 கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்கவில்லை.

---

கணக்குப்பிள்ளை:

999 கொடுத்துவிடாதீர்கள் தம்பி. ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருஷமாக இருக்கிறேன், ஜூலை, ஆகஸ்டில் உங்களை மாதிரி வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். மூன்று எண்ணுக்கும் காரணம் சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள்.

உங்கள் மொத்தச் சம்பளம் 3,60,000 + 4,80,000 = 8,40,000. புதிய முறையில் சம்பளக்காரர்களுக்குப் பொதுவான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75 ஆயிரம். அது ஆளுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று இல்லை. ஆனால் இரண்டு ஃபார்ம் 16-லும் தனித்தனியாக 75 ஆயிரம் கழித்திருப்பார்கள், ஏனென்றால் ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாது. முதல் தளம் இரண்டையும் அப்படியே விழுங்கி 1,50,000 கழித்திருக்கிறது. மீதி 6,90,000. 2024-25 வருமானம் ஏழு லட்சத்துக்குள் வந்தால் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் வரி முழுக்கப் போய்விடும், அதுதான் அந்தப் பூ தூவல்.

இரண்டாவது தளம் ஒரே ஒரு 75 ஆயிரம்தான் கழித்தது. 7,65,000. 2024-25 விகிதப்படி முதல் மூன்று லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த நான்கு லட்சத்துக்கு 5 சதவீதம் 20,000, மீதி 65 ஆயிரத்துக்கு 10 சதவீதம் 6,500. மொத்தம் 26,500, அதன் மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 27,560. இந்தக் கணக்கில் தப்பு இல்லை, ஆனால் ஏதோ ஒரு வருமானத்தை நீங்கள் எழுதவில்லை. பேங்கில் எஃப்டி ஏதாவது இருக்கிறதா?

---

நொய்யல்கரை:

ஐயோ ஆமாம் அண்ணா! அக்கா கல்யாணத்துக்குப் போட்டு மிச்சமானது ஒன்று கிடக்கிறது. வட்டி 18 ஆயிரம் என்று இப்போதுதான் பார்த்தேன். டிடிஎஸ் பிடிக்கவில்லையே, அதையும் காட்ட வேண்டுமா?

---

கணக்குப்பிள்ளை:

பிடிக்காவிட்டாலும் வருமானம் வருமானம்தான். அந்த வருஷத்துக்கு 40 ஆயிரம் வரை பேங்க் டிடிஎஸ் பிடிக்காது, ஆனால் வட்டி எவ்வளவு என்று வருமான வரித் துறைக்குத் தகவல் போய்விடும். துறையின் போர்ட்டலில் ஏஐஎஸ் என்று உங்கள் வருமானத் தகவல் பட்டியல் இருக்கும், திறந்து பாருங்கள், உங்கள் வட்டி அங்கே உட்கார்ந்திருக்கும். அரசுத் தளம் அதைத்தான் தானாக எடுத்துப் போட்டது. 18 ஆயிரத்தைச் சேர்த்தால் 7,83,000, வரி செஸ்ஸோடு 29,432.

மீதி ஏறத்தாழ மூவாயிரம் எங்கே என்றால், அது வரியைத் தாமதமாகக் கட்டுவதற்கான வட்டி. வருஷத்துக்கு 10 ஆயிரத்துக்கு மேல் வரி வரும் என்றால் அந்த வருஷத்துக்குள்ளேயே தவணையாக அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டும். கட்டாததற்கு வரிச் சட்டத்தின் 234பி பிரிவில் ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம், ஐந்து மாதத்துக்கு 1,470. தவணை தவறியதற்கு 234சி பிரிவில் இன்னொரு 1,482. கூட்டிப் பாருங்கள், 32,384 வரும். பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 32,380 என்று காட்டியிருக்குமே?

செப்டம்பர் வரை இழுத்தால் இன்னொரு 294 ரூபாய் ஏறும். இந்த மாதமே கட்டிவிடுங்கள். போர்ட்டலில் வரி கட்டும் பக்கமான இ-பே டாக்ஸில் செல்ஃப் அசெஸ்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, அசெஸ்மென்ட் வருஷத்தில் (சம்பாதித்த வருஷத்துக்கு அடுத்தது) 2025-26 என்று போட வேண்டும். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் 2026-27 என்று போட்டுவிட்டு எங்கள் ஆபீஸுக்கு வந்து நிற்பார்கள்.

---

மொட்டைமாடி:

கணக்குப்பிள்ளை அண்ணன் கணக்கை முடித்துவிட்டார், நான் தளங்களைப் பற்றிச் சொல்கிறேன். எந்த இலவசத் தளம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது விலை எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை. பான், சம்பளம், பேங்க் கணக்கு எல்லாம் வாங்கிக்கொண்டு கடைசிப் படியில் விலை சொன்னால் அவர்களுக்கு உங்கள் வரியைவிட உங்கள் போன் நம்பர்தான் முக்கியம். ஒரு தடவை அப்படி ஒன்றில் பாதியில் விட்டுவிட்டு வந்தேன், அப்புறம் இரண்டு மாதம் பர்சனல் லோன் வேண்டுமா, டேர்ம் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று தினமும் காலை பத்து மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது, கணக்கிட்ட விதத்தைக் காட்டுகிறதா. வெறும் ‘வரி ரூ.0’ என்று ஒரு பெரிய எழுத்து போதாது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எவ்வளவு, எந்த ஸ்லாபில் (வரி விகிதப் படி) எவ்வளவு என்று விரித்துக் காட்டாத தளத்தில் நான் நிற்கவே மாட்டேன். உங்கள் முதல் தளம் விரித்துக் காட்டியிருந்தால் 1,50,000 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கே உறுத்தியிருக்கும்.

மூன்றாவது, போர்ட்டல் பாஸ்வேர்டைக் கேட்கிறார்களா. துறையில் பதிவு செய்த இடைத்தரகர்களுக்கு இஆர்ஐ என்று பெயர், அவர்கள் ஓடிபி வழியாக உங்கள் சம்மதம் வாங்கியே விவரங்களை எடுக்க முடியும். பாஸ்வேர்டை வாட்ஸாப்பில் அனுப்பு என்பவரிடம் அனுப்பாதீர்கள்.

ஆனால் உங்கள் கேஸுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. சம்பளம், வட்டி மட்டும், 50 லட்சத்துக்குள் வருமானம், ஐடிஆர்-1 என்ற எளிய படிவம் போதும். அரசுத் தளத்தில் பாதிக்கு மேல் தானாக நிரம்பியிருக்கும்.

---

பச்சைமலை:

தளம் மட்டுமா பிரச்சினை? எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர்க்காரர் கதையைக் கேளுங்கள். அப்பா பென்ஷன்காரர், மூன்று வருஷமாக அங்கேதான் 300 ரூபாய் கொடுத்துப் போடுவார். போன வருஷம் ரீஃபண்ட் வரவில்லையே என்று நான் போர்ட்டலில் நுழையப் பார்த்தால் ஓடிபி எங்கேயோ போகிறது. கடைசியில் பார்த்தால் மெயில், மொபைல் இரண்டும் சென்டர்க்காரருடையது. அதில் ஒரு நோட்டீஸ் வந்து ஏழு மாதமாகப் படிக்காமல் கிடந்திருக்கிறது. பேங்க் கணக்கை வேலிடேட் செய்யவில்லை என்ற சாதாரண விஷயம்தான், ஆனால் அவர் கடையில் நூறு பேருடைய மெயில் ஒரே பெட்டியில் விழுகிறது, அவர் என்ன செய்வார் பாவம்.

இந்த ஜூலை 14-ல் நாடு முழுக்க 150 இடங்களில் துறை சோதனை போட்டதே, தமிழ்நாடும் அதில் உண்டு, அதிலும் இதே கதைதான் வந்தது. கமிஷனுக்குப் பொய்க் கழிவுகள் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தருகிறவர்கள் மொத்தமாகத் தாக்கல் செய்ய தற்காலிக மெயில் ஐடி உண்டாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்களாம், நோட்டீஸ் யார் கண்ணிலும் படாது. அதனால் யாரிடம் கொடுத்தாலும் சரி, முதலில் ப்ரொஃபைலில் உங்கள் நம்பரும் மெயிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

---

டெல்டா_டிரேடர்:

எல்லோரும் அரசுத் தளத்துக்கே ஓட்டுப் போடுகிறீர்கள், நான் மட்டும் கொஞ்சம் முரண்படுகிறேன். எனக்கு வருஷத்துக்குப் பங்குச் சந்தையில் முந்நூறு டிரேட். 2024 ஜூலை 23-க்கு முன்னால் விற்றதற்கு ஒரு வரி விகிதம், அதற்குப் பின்னால் விற்றதற்கு ஒன்று என்று பட்ஜெட்டில் மாற்றிவிட்டார்கள். போர்ட்டலில் கையால் பிரித்து எழுதிப் பாருங்கள், ஒரு வாரம் போய்விடும். நான் காசு கொடுத்தே ஒரு தளம் வைத்திருக்கிறேன், புரோக்கர் கணக்கை இணைத்தால் தானே பிரித்துப் போடுகிறது. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம்) தொட்டவர்கள் ஐடிஆர்-3 படிவத்துக்குப் போக வேண்டும், அவர்கள் நல்ல ஆடிட்டரைப் பார்ப்பதே மேல். இலவசம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து ஒரு வாரச் சம்பளத்தை விடுவதில் லாபம் இல்லை.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பட்டியலிட்ட பங்கு அல்லது ஈக்விட்டி ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து விற்று லாபம் 1.25 லட்சத்துக்குள் என்றால், இந்த வருஷம் முதல் ஐடிஆர்-1-லேயே காட்டலாம். இதற்கும் ‘கேபிட்டல் கெயின் இருக்கிறது, பிரீமியம் திட்டம் வாங்கு’ என்று கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

---

ஜெர்சி வாசி:

அமெரிக்காவில் ‘இலவசம்’ என்ற சொல்லுக்காகவே பெரிய தகராறு நடந்தது. டர்போடாக்ஸ் என்ற வரித் தாக்கல் மென்பொருளை வைத்திருக்கும் இன்ட்யூட் கம்பெனி, இலவசத் தாக்கலுக்குத் தகுதி இருந்தவர்களைக் காசு கட்டும் பக்கம் தள்ளியது என்று 50 மாநிலங்களும் சேர்ந்து கேட்டு, 2022-ல் 141 மில்லியன் டாலருக்கு சமரசம் ஆனது. இங்குள்ள வரித் துறையான ஐஆர்எஸ் சொந்தமாக நேரடித் தாக்கல் தளம் ஒன்றை 2024-ல்தான் சோதனைக்கு விட்டது, அதுவும் 12 மாநிலங்களில். அங்கே உங்களுக்கு அரசுத் தளமே எல்லோருக்கும் இலவசம் என்பதை ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் தம்பியிடம் பொறாமையோடு சொல்வேன். அவன் ‘தளம் திறந்தால்தானே’ என்பான்.

---

மொட்டைமாடி:

@ஜெர்சி வாசி, 2021 ஜூனில் புதுத் தளம் வந்தபோது அவன் சொன்னது சரிதான், இப்போது எவ்வளவோ பரவாயில்லை. கடைசி இரண்டு நாள் மட்டும் பக்கத்தில் போகாதீர்கள்.

---

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அரசுத் தளத்திலேயே போட்டுவிட்டேன். காட்டிய தொகை சரியாக 32,380, கணக்குப்பிள்ளை அண்ணன் ஜோசியர் வேலையும் பார்க்கலாம். நெட் பேங்கிங்கில் கட்டி, சலான் எண்ணை எழுதி, தாக்கல் செய்தாயிற்று. இ-வெரிஃபை செய்ய (தாக்கலை ஆன்லைனில் உறுதிப்படுத்த) ஆதார் ஓடிபி கேட்டது, அங்கேதான் சிக்கல். ஆதாரில் காலேஜ் காலத்து நம்பர் இருந்திருக்கிறது, அந்த சிம்மை இப்போது அப்பா போட்டுக்கொண்டிருக்கிறார். அவரைத் தூக்கத்தில் எழுப்பி ஓடிபி கேட்டால், ‘யாரிடமும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே’ என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

---

கணக்குப்பிள்ளை:

நல்ல அப்பா! இ-வெரிஃபை முடியவில்லை என்றால் தாக்கல் செய்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் இருக்கிறது, அதற்குள் முடிக்காவிட்டால் போட்டதே கணக்கில் வராது. நெட் பேங்கிங் வழியாகவும் செய்யலாம். அப்புறம், அடுத்த தடவை கம்பெனி மாறினால் புதுக் கம்பெனியின் எச்ஆரிடம் 12பி படிவம் கேளுங்கள், பழைய சம்பளத்தை அதில் எழுதிக் கொடுத்தால் அவர்களே சேர்த்து டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள்.

---

நொய்யல்கரை:

காலையில் காபி கொடுத்துக் கேட்டேன், சொல்லிவிட்டார். வெரிஃபை ஆகிவிட்டது. 12பி என்று எச்ஆரிடம் இன்றைக்குக் கேட்டேன், ‘அப்படி ஒன்று இருக்கிறதா?’ என்று என்னையே திருப்பிக் கேட்டார்.