யோர்தானின் இரண்டு கரைகள்

தாமிரபரணிக்காரி:
யோர்தான் நாட்டுத் தலைநகர் அம்மானில் இறங்கி, மாதாபா, நேபோ மலை எல்லாம் ஓட்டமாக முடித்து, மூன்றாம் நாள் அல்-மக்தாஸ். யோர்தான் ஆற்றின் கிழக்குக் கரையில், இயேசுவுக்கு யோவான் ஞானஸ்நானம் கொடுத்த இடம். படிக்கட்டில் இறங்கினால் தேநீர் நிறத்தில் கலங்கல் தண்ணீர். எங்கள் ஊர் வாய்க்கால்கூட இதைவிட அகலம். நடுவில் ஒரு கயிறு, அதற்கு அந்தப் பக்கம் இஸ்ரேல் ராணுவத்தின் காவல். அக்கரையில் வெள்ளை அங்கிக் கூட்டத்திலிருந்து திடீரென்று தமிழ்ப் பாட்டு! "எந்த ஊர் அம்மா?" என்று கத்தினேன். "நாசரேத்து!" என்றார் ஒரு பாட்டி. ஒரு கணம் இயேசுவின் ஊர் என்றே நினைத்துச் சிலிர்த்துப்போனேன். பிறகுதான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் என்று உறைத்தது. அவர் கையை நீட்டினார், நானும் நீட்டினேன். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் வேண்டாம் என்று தலையசைத்தான். மறுநாள் ஆலன்பி பாலம் வழியாக அக்கரை போய்ச் சேர ஐந்து மணி நேரம். அதே படியில் நின்றேன். பாட்டி இல்லை.

மலைக்கோட்டை:
வேதாகமத்தில் வரும் சீரியப் படைத்தலைவன் நாகமானும்தான் இந்த ஆற்றில் குளிக்கச் சொன்னதும் முகம் சுளித்தான், தமஸ்குவின் ஆறுகள் இதைவிட நல்லவை என்று. ஆற்றைக் குறை சொல்லாதீர்கள் சகோதரி. இஸ்ரேல், யோர்தான், சிரியா மூன்றும் மேலேயே தண்ணீரை எடுத்துக்கொண்டால் கீழே என்ன வரும்? நான் கலிலேயாக் கடலருகே யார்தெனித் ஞானஸ்நானத் துறையில் மூழ்கினேன். தெளிந்த தண்ணீர். மீன்தான் காலைக் கடித்தது.

பழைய பாஸ்போர்ட்:
யார்தெனித் வசதிக்காக அமைத்த இடம் ஐயா. யுனெஸ்கோ 2015-இல் பட்டியலில் சேர்த்தது அல்-மக்தாஸைத்தான். என் கதை சிறியது: பாலத்துச் சோதனையில் என் எலுமிச்சை ஊறுகாயை மூன்று அதிகாரிகள் மாறிமாறி முகர்ந்து பார்த்தார்கள். போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளி, சனி அந்தப் பாலம் திறந்திருக்கும் நேரம் மாறும். இஸ்ரேலிலிருந்து யோர்தானுக்குள் வருகிறவர்கள் விசாவை முன்பே எடுத்துவிடுங்கள், அந்தப் பாலத்தில் தரமாட்டார்கள். வடக்கே ஷேக் உசேன் பாலமும் உண்டு. இஸ்ரேலில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாமல் ஒரு துண்டுச்சீட்டுத் தருவார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் வெளியேறும் வரி கட்ட வேண்டும், சில்லறை கையில் இருக்கட்டும்.

தாமிரபரணிக்காரி:
விசாவைப் பற்றி நான் கேட்கவே இல்லையே அண்ணன். நாசரேத் பக்கத்துக்காரர் யாராவது இருக்கிறீர்களா? அந்தப் பாட்டியின் அடையாளம்: அங்கிக்கு மேல் நீலக் கம்பளிச் சட்டை, கையில் பச்சை நிறத் தண்ணீர்க் குடுவை.